ஏலாக்குறிச்சிக்கு வந்த இத்தாலி வாலிபர்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடம் ஆற்றின் வடகரைப் பக்கத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் ஏலாக்குறிச்சி.

அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து ஏ. அதன் காலை மறந்துவிட்டால் எலாக்குறிச்சி ஆகிவிடும். ஊரின் பெயரே மாறிப் போகும்!

இன்று எ என்பதற்கும் ஏ என்பதற்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டையும் பிரித்துப் படித்துவிடும். 300 ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. படித்த பெரியவர்களே ஓலைச் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு இது குறிலா, நெடிலா என்று திண்டாடினார்கள்.

அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்து வைத்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவருடைய தாய்மொழி தமிழ் அல்ல. ஏறக்குறைய 30 வயதில்தான் அவர் தமிழ் மண்ணில் காலடி வைத்தார். ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் தங்கி வாழ்ந்தார்.

அவர்தான் வீரமாமுனிவர்!

சீமானின் பிள்ளை காட்டிய வழி

இத்தாலி நாட்டின் வடபகுதியில் காஸ்திலியோனே என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்டான்சோ ஜோசப். குடும்பப் பெயர் பெஸ்கி.

அந்த ஊருக்கு ஏற்கனவே ஒரு பெருமை இருந்தது. அலோசியஸ் கொன்சாகா என்ற வாலிபர் பிறந்த ஊர் அது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அவரை ஞானப்பிரகாசியார் என்பார்கள். அவர் சிற்றரசர் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பட்டம், பதவி, அரண்மனை எல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. அத்தனையையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர் துறவியானார்.

ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியது. வீதியில் கிடந்த நோயாளிகளைத் தூக்கி எடுத்துப் பணிவிடை செய்தார் கொன்சாகா. அதே நோய் அவரையும் தொற்றியது. 1591ஆம் ஆண்டு, 23 வயதிலேயே இறந்து போனார்.

அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்குமா? பெஸ்கியும் அதே வழியில் போனார். 1698ஆம் ஆண்டு, 18 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, இயேசு சபையில் சேர்ந்தார். கொன்சாகா சேர்ந்திருந்த சபையும் அதுதான்.

மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டியவர்

இயேசு சபை 1540ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட துறவியர் சபை. கல்லூரிகள் நடத்துவதிலும், தூர தேசங்களுக்கு ஆள் அனுப்புவதிலும் அது பேர் பெற்றிருந்தது.

அந்தச் சபையிலிருந்து இந்தியாவுக்கு முதலில் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542ஆம் ஆண்டு கோவாவில் இறங்கினார். பிறகு முத்துக் குளிக்கும் கடற்கரைக்கு வந்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துக்கொண்டே போவார். மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் ஓடி வந்து கூடுவார்கள். அவர்களுக்குத் தமிழில் ஜெபங்களைச் சொல்லிக் கொடுப்பார். அந்தத் தமிழை அவரே மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் டி நொபிலி. அவர் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழ்த் துறவியைப் போலவே வாழ்ந்தார். அவருக்குப் பின் வந்த அருளானந்தர் 1693ஆம் ஆண்டு ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார்.

இவர்களைப் பற்றிய கடிதங்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும். கல்லூரிகளில் அவற்றைப் படித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்ட வாலிபர்கள் தங்களையும் கீழ்த்திசைக்கு அனுப்புமாறு ரோமாபுரியில் இருந்த சபைத் தலைவருக்குத் தாமாகவே மனு எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான மனுக்கள் இன்றும் ரோமாபுரியில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. மனுப் போட்டவர்களில் பலருக்கு அனுமதி கிடைக்காது.

பெஸ்கிக்கு அனுமதி கிடைத்தது. அவர் சில காலம் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தத்துவமும் இறையியலும் கற்று, 1709ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அப்போது சபைத் தலைவராக இருந்த தம்புரினி, மதுரைப் பகுதியில் பணி செய்ய அவரை அனுப்பி வைத்தார்.

கடலைக் கடந்தார்

அந்தக் காலத்துக் கடல் பிரயாணம் எப்படிப்பட்டது தெரியுமா? விமானம் கிடையாது. நீராவிக் கப்பல் கிடையாது. சூயஸ் கால்வாயும் வெட்டப்படவில்லை.

போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏற வேண்டும். ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். காற்று ஒத்துழைத்தால் ஆறு மாதம். இல்லாவிட்டால் அதற்கும் மேல். குடிதண்ணீர் கெட்டுப் போகும். பச்சைக் காய்கறி கிடைக்காது. ஈறுகள் வீங்கி, இரத்தம் கசிந்து பலர் நடுக்கடலில் இறந்து போவார்கள்.

புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வீட்டைப் பார்ப்பதில்லை. பெஸ்கியும் பார்க்கவில்லை.

1710ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் கோவாவில் கரையேறினார். அங்கிருந்து தெற்கே வந்து, 1711ஆம் ஆண்டில் தமிழ்நாட்டை அடைந்தார்.

வாத்தியார் மாணவர் ஆனார்

பெஸ்கிக்கு இத்தாலியம் தாய்மொழி. லத்தீனில் கரை கண்டவர். இத்தாலியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். ஆனால், தமிழ்நாட்டுக் கிராமத்தில் வந்து நின்றபோது அவர் ஒரு எழுத்தறியாதவர்! குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட அவருக்கு வார்த்தை தெரியாது.

மொழி தெரியாத ஊரில் போய் நல்லது செய்ய நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுவது. மற்றொன்று, அந்த ஊர்ப் பிள்ளையைப் போல அ, ஆ என்று தொடங்குவது.

பெஸ்கி இரண்டாவது வழியைப் பிடித்தார். 30 வயதில் புது மாணவர் ஆனார். பேச்சுத் தமிழோடு நிற்கவில்லை. இலக்கணம் கற்றார். திருக்குறள், காப்பியங்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் பாடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

நடை உடையும் மாறியது. காவி அங்கி தரித்தார். புலால் உணவை விட்டார். பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். கொன்ஸ்டான்சோ என்றால் உறுதி உள்ளவர், அஞ்சாதவர் என்று பொருள். அதனால் தைரியநாத சாமி என்று பெயர் வைத்துக்கொண்டார். அதுவே பின்னால் வீரமாமுனிவர் என்று தூய தமிழாயிற்று.

உயிருக்கு வந்த ஆபத்து

பெயரில் இருந்த தைரியத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது.

அப்போது தெற்கே பல பாளையங்கள் இருந்தன. ஒவ்வொரு பாளையத்துக்கும் ஓர் அதிபதி. ஒருவர் ஆதரிப்பார், அடுத்தவர் விரட்டுவார். வெளிநாட்டுச் சாமியார் மீது சந்தேகம் கொண்டவர்கள் எங்கும் இருந்தார்கள். 1714–15ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் முனிவர் பிடிபட்டார். அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

ஊருக்குத் திரும்பிவிட அது போதுமான காரணம். அவரோ வடக்கே இன்னும் உள்ளே வந்தார். காமநாயக்கன்பட்டி, மதுரை, தஞ்சை என்று பல இடங்களில் பணி செய்தார். பிறகு கொள்ளிடக் கரைக்கு வந்தார்.

அடைக்கலம் தந்த ஊர்

அந்த நாளில் தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்டார்கள். 1701ஆம் ஆண்டு அங்கே கிறிஸ்தவர்களுக்குக் கடும் துன்பம் நேர்ந்தது. வீடு வாசலை விட்டு, பெண்டு பிள்ளைகளோடு பலர் ஓடினார்கள். கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினால் அரியலூர்ப் பாளையம். அங்கே தஞ்சை அரசின் கை நீளாது. அப்படி ஓடி வந்தவர்கள் தங்கிய ஊர்களில் ஒன்றுதான் ஏலாக்குறிச்சி.

வீரமாமுனிவர் அங்கே மாதாவுக்கு ஒரு கோயிலைக் கட்டினார். மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர் சூட்டினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று புதுப் பெயர் கொடுத்தார். காவல் தரும் ஊர் என்று அர்த்தம். ஓடி வந்த ஏழைகளுக்கு அந்தப் பெயரே ஓர் ஆறுதல்.

அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. அவருக்கு ராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்ததாம். வைத்தியர்கள் கைவிட்டார்களாம். முனிவர் பச்சிலையும் மண்ணும் குழைத்துப் பூசிக் குணப்படுத்தினாராம். அதற்கு நன்றியாக மழவராயர் 175 ஏக்கர் நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தாராம். ஊரார் இன்றும் இதைச் சொல்லி வருகிறார்கள்.

அந்தச் சீமை நீண்ட காலம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2007ஆம் ஆண்டு அரியலூர் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டங்கள் மாறினாலும் ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு ஜனங்கள் வருவது நிற்கவில்லை.

ஓலையும் புள்ளியும்

இப்போது எழுத்துக் கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் எ, ஒ என்ற குறில் எழுத்துகளின் தலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் குறில். புள்ளி இல்லாவிட்டால் நெடில். இலக்கணம் அப்படித்தான் சொல்லியது.

ஏட்டில் எழுதும்போதுதான் தொல்லை. பனை ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறி எழுத வேண்டும். அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலையில் பொத்தல் விழும். ஓலை கிழிந்து போகும். ஆகையால் எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். இடத்துக்குத் தக்கபடி படித்துக்கொள்ள வேண்டியதுதான்!

கொடை என்றால் தானம். கோடை என்றால் வெயில் காலம். ஓலையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மழை பெய் என்பதும் இடுகாட்டுப் பேய் என்பதும் ஒரே மாதிரி இருக்கும். கெடு, கேடு, கொல், கோல், மெல், மேல். இப்படி எத்தனையோ சொற்கள்.

இதனால் யாருக்கு அதிகக் கஷ்டம்? புலவருக்கு அல்ல. அவருக்குப் பாட்டு மனப்பாடம். ஏடு வெறும் ஞாபகக் குறிப்புதான். வசதியுள்ள வீட்டுப் பையனுக்கும் அல்ல. அவன் திண்ணைப் பள்ளியில் பல வருஷம் உட்காருவான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் வாத்தியார் இருக்கிறார்.

மாடு மேய்க்கப் போகும் பிள்ளை நாலு எழுத்தைத்தான் கற்க முடியும். அதற்குமேல் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அவனுக்கு ஏடுதான் வாத்தியார். அந்த ஏடே இரண்டு விதமாகப் பேசினால் அவன் என்ன செய்வான்?

வீரமாமுனிவர் தாமே பெரிய வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தவர். புதிதாகக் கற்பவன் எந்த இடத்தில் இடறுகிறான் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் செய்த மாறுதல் மிகச் சிறியது. கெ என்ற எழுத்தில் இருக்கும் கொம்பை எடுத்துக்கொண்டார். அதன் மேல்பக்கத்தைச் சுழித்துவிட்டார். கே கிடைத்தது! கொ என்பதைக் கோ ஆக்கவும் அதே சுழிதான். எ, ஒ என்பவற்றுக்குப் புள்ளி வேண்டாம் என்றார். எகரத்துக்குக் காலைக் கீழே இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்தைச் சுழித்து ஓ ஆக்கினார்.

ஓலையில் பொத்தல் விழாது. எழுத்தாணியை எடுக்காமலே ஒரு வளைவு வளைத்தால் போதும். ஆனால், படிக்கிறவன் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பின்னால் அச்சு எந்திரம் வந்தபோது இந்த எழுத்துகளே அச்சிலும் ஏறின. இன்று நாம் எழுதுவது அவையே.

வரிசையில் நின்ற சொற்கள்

அவர் செய்த இன்னொரு காரியமும் புதிதாகப் படிப்பவர்களுக்குத் துணை நின்றது.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் இன்று அகராதியைப் புரட்டுகிறோம். அந்தக் காலத்தில் நிகண்டுகள் என்ற நூல்கள் இருந்தன. அவை பாட்டாக இருக்கும். நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெட்டுருச் செய்தவனுக்குத்தான் அவை உதவும்.

முனிவர் அந்தச் சொற்களைப் பாட்டிலிருந்து பிரித்தெடுத்தார். அகர வரிசையில் நிறுத்தினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக வகுத்தார். நான்கு என்பதற்குச் சதுர் என்று ஒரு சொல் உண்டு. ஆகவே நூலின் பெயர் சதுரகராதி. 1732ஆம் ஆண்டில் அதை எழுதி முடித்தார்.

பாட்டு ஒன்றும் மனப்பாடம் இல்லாதவனும் முதல் எழுத்து தெரிந்தால் சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். தமிழ் அகராதிகளின் தந்தை என்று அவரைப் புகழ்வது இதனால்தான்.

ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்கள் இருந்தார்கள். அவர்களுக்காக 1727ஆம் ஆண்டு வேதியர் ஒழுக்கம் என்ற நூலை எழுதினார். அது செய்யுள் அல்ல, உரைநடை. பாட்டும் கதையுமாகக் கேட்டு மகிழும் பாமர ஜனங்களுக்காகக் கித்தேரியம்மாள் அம்மானை என்ற நூலைப் பாடினார்.

ஆறு பேரில் ஒருவர் எங்கே?

முனிவர் என்றால் சிரிக்கமாட்டார் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த பரமார்த்த குருவின் கதை அவர் எழுதியதுதான்!

பரமார்த்த குருவுக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரைக் கேட்டாலே போதும். புத்தி எப்படி என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தான். சுர்ரென்று சத்தம் வந்தது. ஆறு சீறுகிறது என்று பயந்து ஓடி வந்துவிட்டான். வெகுநேரம் கழித்து அதே அணைந்த கட்டையைத் தண்ணீரில் வைத்தான். சத்தம் இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று எல்லோரும் மெல்ல மெல்ல இறங்கி அக்கரைக்குப் போனார்கள்.

போனதும் தலையை எண்ணினார்கள். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொருவனாக எண்ணிப் பார்த்தும் ஐந்துதான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று ஆறு பேரும் அழுதார்கள்! வழியே போன ஒருவன் முதுகில் ஓர் அடி கொடுத்து எண்ணிய பிறகுதான் ஆறு பேரும் சரியாக இருக்கிறார்கள் என்பது விளங்கியது.

இந்தக் கதைகளை எதற்காக எழுதினார்? ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் பாதிரியார்கள் பேச்சுத் தமிழைப் பழகுவதற்காக! பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே எழுதி வைத்தார். சிரித்துக்கொண்டே படித்தால் பாடம் மனதில் நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை.

1822ஆம் ஆண்டு பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் லண்டனில் இந்தக் கதைகளை அச்சிட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கும் அவை போயின. வெள்ளைக்காரப் பாதிரியார்களுக்காக எழுதிய கதை தமிழ்க் குழந்தைகளின் சொத்தாகிவிட்டது.

தச்சர் ஒருவர் காப்பியத் தலைவர்

அவருடைய பெரிய நூல் தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள். 1726ஆம் ஆண்டில் பாடி முடித்தார்.

காப்பியம் என்றால் அரசரைப் பற்றிப் பாடுவது வழக்கம். தேம்பாவணியின் தலைவர் இயேசுநாதரை வளர்த்த சூசையப்பர். அவர் தொழிலால் தச்சர். சூசையப்பருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் வைத்து, தமிழ்நாட்டு ஆறு, வயல், சோலை போலவே அந்த நாட்டையும் பாடினார் முனிவர். இலக்கணத்துக்குத் தொன்னூல் விளக்கம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

கற்றுக்கொள்ள வந்த பாஷையில் காப்பியமே பாடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

எதிரியின் அச்சகம்

அவருக்குச் சண்டையும் தெரியும். தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டாரின் ஆதரவில் ஜெர்மன் பாதிரியார்கள் இருந்தார்கள். அவர்கள் லுத்தர் வழியைச் சேர்ந்தவர்கள். 1706ஆம் ஆண்டு அங்கே வந்த சீகன்பால்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அச்சகமும் அமைத்தார்.

முனிவருக்கும் அவர்களுக்கும் கொள்கையில் ஒத்துப் போகவில்லை. அவர் அவர்களைக் கண்டித்து எழுதினார். அவர்கள் பதில் எழுதினார்கள். சொற்போர் பலமாக நடந்தது.

ஆனாலும், பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738ஆம் ஆண்டில் அச்சிட்டது எந்த அச்சகம் தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சகம்தான்! சண்டை ஒருபுறம் இருந்தது. தமிழ் கற்க அதைவிட நல்ல புத்தகம் இல்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி நாட்கள்

திருச்சியை ஆண்ட சந்தா சாகிபை முனிவர் சந்தித்தார். அவரிடம் திவானாக இருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. 1741ஆம் ஆண்டு மராட்டியர் திருச்சியைப் பிடித்தார்கள். நாடெங்கும் யுத்தம், குழப்பம்.

முதுமையில் முனிவர் கேரளத்துக்குப் போனார். இப்போதைய திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அம்பலக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 66. அதில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை அவர் கழித்தது இந்திய மண்ணில்.

அவருடைய சுவடிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன. 1816ஆம் ஆண்டில், தமிழில் பற்றுள்ள எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி, முத்துசாமிப் பிள்ளை என்ற தமிழறிஞரை அனுப்பி அவற்றைத் தேடச் செய்தார். முத்துசாமிப் பிள்ளை ஊர் ஊராக அலைந்து சுவடிகளைச் சேகரித்தார். முனிவரின் வரலாற்றையும் 1822ஆம் ஆண்டில் தமிழில் எழுதினார்.

1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி மெரினா கடற்கரையில் தமிழ்ப் பெரியவர்களுக்குச் சிலைகள் வைத்தார்கள். கம்பர், பாரதியார் சிலைகளோடு வீரமாமுனிவர் சிலையும் எழுந்தது.

கற்றவரே கொடுத்தார்

வீரமாமுனிவருக்குப் பின்னும் வாலிபர்கள் கடல் கடந்து வந்தார்கள். அவருடைய சபையைச் சேர்ந்த பியர் செராக் பாதிரியார் அவர்களில் ஒருவர். பிரான்சு தேசத்துக்காரர். 1937ஆம் ஆண்டு, 23 வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தார். அவரும் முதலில் தமிழ் படித்தார். கல்லூரி மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப் போய் வேலை செய்ய வைத்தார். கம்போடியா அகதிகளின் முகாம்களில் பல ஆண்டுகள் பணி செய்தார். திக்கற்ற குழந்தைகளைப் படிக்க வைத்தார். 2012ஆம் ஆண்டு சென்னையில் காலமாகும் வரை அவர் ஊர் திரும்பிக் குடியேறவில்லை.

வெளிநாட்டுக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற ஆசை இன்றைய இளைஞர்களுக்கும் உண்டு. உடுப்பும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதுவும் நல்ல காரியமே. ஆனால், உடுப்பு கிழியும். மிட்டாய் தீரும்.

வீரமாமுனிவர் கொடுக்க வந்தவர்தான். கொடுப்பதற்கு முன் அவர் பல வருஷம் கேட்டார்; கற்றார். கற்றதனால்தான் இந்த ஊர்ப் பிள்ளைக்கு எது குறை என்பது அவர் கண்ணில் பட்டது. அந்தக் குறை ஒரு சின்னச் சுழியால் தீர்ந்தது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தை தேன், தேர், கோழி, கோயில் என்று எழுதும்போது அதன் கையைக் கவனியுங்கள். கொம்பின் மேலே ஒரு சுழி போடும். அதைப் போட்டுக் கொடுத்தவர் காஸ்திலியோனேயில் பிறந்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் என்று குழந்தைக்குச் சொல்லுங்கள்.